ஸ்விட்சர்லாந்து போகிறீர்களா? ஓடாதீர்கள், நின்று பாருங்கள்!

வெளிநாட்டுச் சுற்றுலா என்றால் ஒரு காலத்தில் மில் முதலாளி வீட்டாரும் பெரிய டாக்டர் வீட்டாரும்தான் போவார்கள் என்று இருந்தது. இன்று அப்படியில்லை. சீட்டுப் பணம், சேமிப்பு, பிள்ளைகள் அனுப்பும் பணம் என்று ஒன்று சேர்த்து, நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துப் பெண்களும் விமானம் ஏறத்தான் செய்கிறோம். சந்தோஷமான விஷயம்.

ஆனால் போய்விட்டு வந்த அம்மாமார்களைக் கேட்டுப் பாருங்கள். "பத்து நாளில் ஏழு தேசம் பார்த்தோம்" என்பார்கள். என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "எங்கே பார்த்தது? பாதி நேரம் பஸ்ஸில் தூங்கிட்டேன். காலு ரெண்டும் வீங்கிப் போச்சு. தினம் விடியற்காலையில் பெட்டியைக் கட்டு, பெட்டியை அவிழ்!" என்று அலுத்துக்கொள்வார்கள். அத்தனை லட்சம் செலவழித்து, வீட்டு அம்மாளுக்குக் கிடைத்தது கால்வலிதானா?

என்னைக் கேட்டால் ஏழு தேசம் வேண்டாம், ஒரே ஒரு தேசம் போதும். ஓர் ஊரில் தங்கி, நாளுக்கு ஒன்றாக நிதானமாகப் பார்க்க வேண்டும். அதற்கு ஸ்விட்சர்லாந்தைப்போல் தோதான தேசம் இல்லை. நம் தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாடு. மக்கள்தொகை சுமார் 90 லட்சம். காலையில் கிளம்பினால் எந்த மூலைக்கும் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். நான், என் கணவர், எழுபத்திரண்டு வயதான என் மாமியார், பத்து வயது மகள் என நான்கு பேரும் ஒன்பது நாள் அப்படித்தான் சுற்றினோம். பார்த்ததில் மனசில் நின்றவற்றையும், பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களையும் இங்கே எழுதுகிறேன்.

ஒரே வீடு, ஒரே அடுப்பு

நாங்கள் தங்கியது இன்டர்லாக்கன் என்ற ஊரில். துன், பிரியன்ஸ் என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவில் இருப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். மலை ரயில்கள் புறப்படுவதும், பெர்ன், லூசர்ன் போகும் ரயில்கள் கிடைப்பதும் இங்கேதான். ஓட்டலுக்குப் பதிலாக, சமையலறையோடு கூடிய சிறிய வீடு ஒன்றை எடுத்துக்கொண்டோம். அங்கே சாப்பாடு யானை விலை! ஒரு ஃபிராங்க் நம் பணத்தில் நூறு ரூபாய்க்கு மேல். நான்கு பேர் மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டால் பர்ஸ் காலியாகிவிடும்.

"அங்கேயும் போய்ச் சமையலா?" என்று கேட்காதீர்கள். கிளம்புமுன்பே வீட்டில் பேசி வைத்துக்கொண்டோம். காலையில் நான் ஒரு குக்கர் வைப்பேன், அவ்வளவுதான். பாத்திரம் தேய்ப்பது என் கணவர், மேஜை துடைப்பது மகள், டப்பாவில் கட்டுவது மாமியார். எலுமிச்சை சாதமோ தயிர் சாதமோ கையில் இருந்தால், ஏரிக்கரை பெஞ்சே நமக்கு ஓட்டல்.

தயிருக்குக் கவலையே வேண்டாம். 'யோகர்ட்' டப்பாவில் 'நாட்டூர்' என்று எழுதியிருந்தால் அது சர்க்கரை, பழம் எதுவும் சேராத வெறும் தயிர். அரிசியும் பருப்பும் கடைகளில் கிடைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்குப் பூட்டு. ரயில் நிலையக் கடைகள்தான் கை கொடுக்கும். ஆகவே சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். இன்னொன்று: இந்தியாவிலிருந்து நெய், பால்கோவா மாதிரியான பால் பண்டங்களையும் இறைச்சி வகைகளையும் அந்த நாட்டுக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. பொடி வகைகளையும் புளிக்காய்ச்சலையும் எடுத்துப் போங்கள். நெய்க்குப் பதில் அங்கே நல்ல வெண்ணெய் கிடைக்கிறது, உருக்கிக்கொண்டால் ஆயிற்று!

குடிதண்ணீரை விலைக்கு வாங்க வேண்டியதே இல்லை. குழாய்த் தண்ணீர் அப்படியே குடிக்கலாம். தெருவுக்குத் தெரு கல்தொட்டியில் ஊற்றுநீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. குடிக்கக் கூடாத இடத்தில் மட்டும் பலகை வைத்திருப்பார்கள். ஆளுக்கொரு பாட்டில் இருந்தால் போதும்.

ரயிலே பாதி சுற்றுலா

அந்த நாட்டில் ரயில், மஞ்சள் நிறத் தபால் பஸ், ஏரிக் கப்பல் மூன்றும் ஒன்றோடொன்று நேரம் பார்த்து இணைத்து ஓடுகின்றன. ரயிலை விட்டு இறங்கினால் பஸ் நிற்கும். பஸ்ஸை விட்டு இறங்கினால் கப்பல் நிற்கும். பயணிகளுக்கென்று ஒரு பாஸ் உண்டு. 3, 4, 6, 8, 15 நாள் கணக்கில் வாங்கலாம். ரயில், பஸ், கப்பல் எல்லாவற்றுக்கும் அது செல்லும். ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு டிக்கெட்டே வேண்டாம். பாஸ் வைத்திருக்கும் பெற்றோருடன் போகும் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை இலவசம். பாஸ் வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். உயரமான சில மலை ரயில்களுக்கு மட்டும் பாஸ் இருந்தாலும் தனியாகப் பணம் கட்ட வேண்டும், தள்ளுபடி கிடைக்கும்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒரு நல்ல செய்தி. நகரங்களுக்கிடையே ஓடும் மாடி ரயில்கள் பலவற்றில் குழந்தைகளுக்கென்றே ஒரு பெட்டி உண்டு. மாடியில் சறுக்குமரம், விளையாட்டுச் சாமான்கள்! குழந்தை அழுதால் பக்கத்தில் உள்ளவர் முறைப்பாரே என்ற பயம் இல்லை. தாழ்தளப் பெட்டிகளில் தள்ளுவண்டியை மடக்காமலே ஏற்றலாம்.

ரயில் நிலையக் கடிகாரத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1944-ல் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்பவர் வடிவமைத்தது. சிவப்பு வினாடி முள் மேலே வந்ததும் ஒரு கணம் நிற்கும். நிமிஷ முள் 'டக்'கென்று நகர்ந்த பிறகுதான் மறுபடி ஓடும். என் மகள் அதைப் பார்த்துக்கொண்டே ஒரு ரயிலைக் கோட்டை விடப் பார்த்தாள்!

அருவிகளின் பள்ளத்தாக்கு

இன்டர்லாக்கனிலிருந்து இருபது நிமிஷ ரயிலில் லவுட்டர்புருன்னன். இரு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், நடுவே பச்சைப் பசேலென்ற பள்ளத்தாக்கு. அங்கே 72 அருவிகள் உண்டு என்று கணக்குச் சொல்கிறார்கள். ஊருக்குள்ளேயே ஸ்டவுப்பாக் என்ற அருவி ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. பாதி வழியிலேயே காற்றில் கரைந்து வெள்ளைப் புகையாகிவிடுகிறது.

அதைவிட அதிசயம், சற்று தள்ளியிருக்கும் ட்ரூம்மெல்பாக். இது மலைக்கு வெளியே இல்லை, மலையின் வயிற்றுக்குள்ளே! ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் என்ற மூன்று சிகரங்களின் பனியாற்று நீர் பாறையைக் குடைந்துகொண்டு பத்து அருவிகளாகப் பாய்கிறது. பெருக்குக் காலத்தில் வினாடிக்கு 20,000 லிட்டர் வரை வருமாம். குகைக்குள் லிஃப்டில் ஏறி, படிகளில் இறங்கியபடியே பார்க்க வேண்டும். பாறையே அதிரும் அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. படிகள் ஈரமாக வழுக்கும். புடவையைவிட சல்வார் கமீஸும், பிடிப்புள்ள ஷூவும் நல்லது. நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை உள்ளே விடுவதில்லை. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

மலை உச்சிக்கு எல்லோரும் ஏறத்தான் வேண்டுமா?

இனி நான் சொல்லப் போவதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ஸ்விட்சர்லாந்து என்றதும் எல்லோரும் சொல்வது யுங்ஃப்ராவ்யோக். 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள ரயில் நிலையம், ஐரோப்பாவிலேயே உயரமானது. அடோல்ஃப் குயர்-ட்செல்லர் என்ற தொழிலதிபர் திட்டம் போட்டு, 1896-ல் வேலை ஆரம்பித்து, அவர் 1899-ல் காலமான பிறகும் விடாமல் நடத்தி, 1912-ல் முடித்தார்கள். ஐகர், மோன்க் மலைகளுக்குள் சுமார் ஏழு கிலோமீட்டர் சுரங்கம். அந்தக் காலத்து மனிதர்களின் துணிச்சலை என்னவென்று சொல்வது!

ஆனால் அந்த உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் உடம்புக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறையும். இன்டர்லாக்கன் இருப்பது 600 மீட்டருக்கும் கீழே. அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் மேலே போய் நின்றால், உடம்பு பழகிக்கொள்ள நேரம் ஏது? தலைவலி, தலைசுற்றல், வாந்தி, மூச்சுவாங்கல் வரலாம். திடகாத்திரமானவர்களுக்கும் வரும்.

என் மாமியாருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. இரண்டு வருஷம் முன்பு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ஊரிலேயே டாக்டரைக் கேட்டதற்கு, "2,000 மீட்டர் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆனாலும் அன்று காலையில் என் கணவருக்கு மனசு கேட்கவில்லை.

"இவ்வளவு தூரம் வந்துட்டு அம்மாவை மட்டும் விட்டுட்டுப் போறதா? ஒரு அரை மணி நேரம்தானே. ஊர்ல எல்லாரும் கேட்பாங்களே!" என்றார்.

"கேட்கறவங்களா வந்து மூச்சு விடப் போறாங்க?" என்றேன் நான்.

மாமியாரே முடிவு சொல்லிவிட்டார். "டேய், டாக்டர் சொன்னா சொன்னதுதான். எனக்குப் பனியைப் பார்க்கணும், தொடணும்னு இல்லை. நீ குழந்தையைக் கூட்டிட்டுப் போ. நானும் இவளும் பாதி வழியில உட்கார்ந்துக்கறோம்."

அப்படியே செய்தோம். லவுட்டர்புருன்னனிலிருந்து, கார்களே இல்லாத வெங்கன் கிராமத்தைத் தாண்டி, பல்சக்கர ரயில் மெதுவாக ஏறி க்ளைனெ ஷைடெக் என்ற கணவாய்க்குப் போகிறது. உயரம் 2,061 மீட்டர். 1893 முதல் ஓடும் ரயில். அப்பாவும் மகளும் அங்கிருந்து சுரங்க ரயிலில் மேலே போனார்கள். நாங்கள் இருவரும் வெயிலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

எதிரே ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் மூன்றும் வரிசையாக நிற்கின்றன! ஐகரின் வடக்குச் சுவர் மட்டும் சுமார் 1,800 மீட்டர் உயரம். எத்தனையோ பேர் உயிரை விட்ட பிறகு, 1938-ல்தான் முதன்முதலாக அதில் மனிதன் ஏறி முடித்தான். கீழே புல்வெளியில் பசுக்கள் மேய, கழுத்து மணிச் சத்தம் காற்றில் மிதந்து வந்தது. மாமியார் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இதைவிட மேலே போய் என்னடி பார்க்கணும்?" என்றார். பிளாஸ்க்கில் இருந்த காப்பியை இரண்டு பேரும் பங்கு போட்டுக் குடித்தோம். கல்யாணமாகி இருபது வருஷத்தில் நாங்கள் இருவரும் அடுப்படிக்கு வெளியே மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசியது அன்றுதான்.

மேலே போன மகளுக்கு லேசாகத் தலை வலித்ததாம். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, அடுத்த ரயிலிலேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். க்ளைனெ ஷைடெக் வருவதற்குள் வலி போய்விட்டது.

ஆகவே சகோதரிகளே, கிளம்புமுன் டாக்டரைக் கேளுங்கள். இருதயம், நுரையீரல் கோளாறு, கட்டுப்படாத இரத்தக் கொதிப்பு, கடுமையான இரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் ஏறக் கூடாது. தனக்கு என்ன செய்கிறது என்று கைக்குழந்தைக்குச் சொல்லத் தெரியாது; அதை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே மேல். காது அடைக்கும் என்பதால், எந்த மலையிலும் ஏறி இறங்கும்போது குழந்தைக்குப் பால் கொடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுங்கள்.

மேலே போகிறவர்கள் ஓட வேண்டாம், படிகளில் அவசரப்பட வேண்டாம். தலைசுற்றினால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காதீர்கள். கீழே இறங்குவதுதான் முதல் மருந்து. 2020 டிசம்பரில் கிரிண்டெல்வால்டிலிருந்து புதிய கேபிள் கார் வந்துவிட்டது. பதினைந்தே நிமிஷத்தில் பாதி மலைக்குப் போய்விடலாம். நேரம் மிச்சம்தான், ஆனால் வயதானவர்களுக்கு மெதுவாக ஏறும் பழைய ரயிலே உகந்தது என்பது என் எண்ணம்.

உருகும் பனி

உச்சியிலிருந்து பார்த்தால் அலெட்ச் பனியாறு தெரியும். 20 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஆல்ப்ஸ் மலையிலேயே பெரியது. 2001-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அந்த ஆறும் சுருங்கிக்கொண்டே வருகிறது. 2022, 2023 என்ற இரண்டே வருஷத்தில் ஸ்விஸ் பனியாறுகள் தங்கள் மொத்தப் பனியில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன. 2025 மே 28 அன்று லோட்ஷன் பள்ளத்தாக்கில் பனியாறு ஒன்று பாறைகளோடு சரிந்து, பிளாட்டன் என்ற கிராமத்தின் பெரும்பகுதியை மூடிவிட்டது. மலையை இரவும் பகலும் கண்காணித்து வந்ததால், சுமார் 300 பேரையும் ஆடுமாடுகளையும் சில நாள் முன்பே வெளியேற்றிவிட்டார்கள். உயிரிழந்தவர் ஒருவர். வீடுகள் போயின, மனிதர்கள் பிழைத்தார்கள். பனியைப் பார்த்துக் கைதட்டும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

பாட்டி காலத்து அடுப்படிகள்

சுற்றுலாக் கம்பெனிகள் அதிகம் காட்டாத இடம் ஒன்று சொல்கிறேன். குடும்பப் பெண்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. பிரியன்ஸ் ஏரிக்கு அருகே பாலன்பெர்க். தேசமெங்குமிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பழைய வீடுகளைக் கட்டை கட்டையாகப் பிரித்துக் கொண்டுவந்து, மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். 1978-ல் திறந்தது. கோடையில்தான் உண்டு.

வீட்டுக்குள்ளே போகலாம், பார்க்கலாம். சில வீடுகளில் புகைபோக்கியே கிடையாது. கரி பிடித்த சுவர், தொங்கும் கொப்பரை, மேலே புகையில் பதப்படும் இறைச்சி. இன்று இவ்வளவு செழிப்பான தேசத்துப் பெண்களும் ஒரு காலத்தில் கண் எரிய விறகடுப்பு ஊதியவர்கள்தான்! நெசவு, கூடை முடைதல், ரொட்டி சுடுதல் எல்லாம் அங்கே செய்து காட்டுகிறார்கள். மாமியார் தறியை விட்டு நகரவே இல்லை. ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

பெர்ன்: வெங்காயமும் ஓட்டுரிமையும்

நாட்டின் தலைநகரான பெர்ன், இன்டர்லாக்கனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். பழைய நகரின் கடைத்தெருவில் சுமார் ஆறு கிலோமீட்டருக்கு வளைவு மண்டபங்கள். மழை பெய்தாலும் நனையாமல் நடக்கலாம். மணிக்கூண்டில் மணி அடிக்கும் முன் கரடிப் பொம்மைகள் ஊர்வலம் வரும், சேவல் கூவும். ஐன்ஸ்டைன் 1905-ல் தம் புகழ்பெற்ற ஆராய்ச்சிகளை எழுதியபோது குடியிருந்தது கிராம்காசெ தெருவில் ஒரு மாடி வீட்டில்தான். அப்போது அவர் காப்புரிமை அலுவலகத்தில் உத்தியோகஸ்தர், ஒரு குழந்தைக்குத் தகப்பன். குழந்தைகளை விழுங்கும் பூதத்தின் சிலையுள்ள நீரூற்றும் உண்டு. சாப்பிட அடம் பிடிக்கும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்!

நவம்பர் நான்காவது திங்கட்கிழமை போகிறவர்களுக்கு வெங்காயச் சந்தை காத்திருக்கிறது. மல்லிகைச் சரம்போல வெங்காயத்தைப் பின்னி, டன் கணக்கில் தொங்க விட்டிருப்பார்கள்.

நாடாளுமன்றக் கட்டிடத்தின் எதிரே கொஞ்ச நேரம் நில்லுங்கள். இந்த நாகரிகமான தேசத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை எப்போது கிடைத்தது தெரியுமா? 1971 பிப்ரவரி 7-ம் தேதி! 1959-ல் ஒரு முறை கேட்டபோது, ஓட்டுப் போட்ட ஆண்களில் மூன்றில் இரண்டு பேர் "கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். அப்பென்ஸெல் இன்னர்ரோடன் என்ற ஒரு மாநிலத்தில் மாநில விஷயங்களுக்கு ஓட்டுப் போட, 1990-ல் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. நம் சென்னை மாகாணத்திலோ, சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்காவது 1921-லேயே ஓட்டு வந்துவிட்டது. பளபளப்பைப் பார்த்து, அங்கே எல்லாம் தானாகக் கிடைத்தது என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பெண்களும் போராடித்தான் பெற்றார்கள்.

பெர்னில் நமக்கு இன்னொரு உறவும் உண்டு. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாகப் போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வேர் விட்டிருக்கிறார்கள். ஐரோப்பா சதுக்கத்தில் 2014 டிசம்பரில் திறந்த 'மதங்களின் இல்லம்' என்ற கட்டிடத்தில், ஒரே கூரையின் கீழே மசூதி, தேவாலயம், பௌத்த மையம் இவற்றோடு நம் சைவக் கோயிலும் இருக்கிறது. வழிபாடு தமிழில் நடக்கிறது. அங்கே விபூதி வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டபோது மாமியார் கண்ணில் நீர் தளும்பியது.

லூசர்ன்: பாலமும் சிங்கமும்

லூசர்ன் போகும் ரயில் ப்ரூனிக் கணவாய் வழியாக, ஏரிகளை ஒட்டியே போகிறது. சுமார் இரண்டு மணி நேரம். அங்கே ஆற்றின் குறுக்கே பதினான்காம் நூற்றாண்டு மரப்பாலம். 1993 ஆகஸ்டில் தீயில் பெரும்பகுதி எரிந்துபோய், மறு வருஷமே திரும்பக் கட்டிவிட்டார்கள். கருகிய சில ஓவியங்களை இன்றும் பார்க்கலாம்.

குன்றின் பாறையில் செதுக்கிய சிங்கம், முதுகில் ஈட்டி பாய்ந்து சாகக் கிடக்கிறது. 1792-ல் பாரிஸ் அரண்மனையைக் காவல் காத்து மடிந்த ஸ்விஸ் வீரர்களின் நினைவாக 1821-ல் திறந்தது. இன்று பணக்கார நாடு. அன்றோ வயிற்றுப்பாட்டுக்காகப் பிள்ளைகளை அந்நிய ராஜாக்களின் படைக்கு அனுப்பிய ஏழை நாடு. அந்தச் சிங்கத்தின் முகம் எந்தத் தாயையும் கலக்கும்.

இங்கிருந்து கப்பலில் போனால் ரிகி மலை. 1871-ல் ஓடத் தொடங்கிய ரயில். ஐரோப்பாவின் முதல் மலை ரயில் அதுதான். உச்சி 1,800 மீட்டருக்குள்தான், பயணப் பாஸும் செல்லும். உயரமான மலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஏற்ற மலை இதுவே.

சாக்லேட்டும் சீஸும்

2022 டிசம்பர் முதல் இன்டர்லாக்கனிலிருந்து மொன்த்ரூவுக்கு நேர் ரயில் உண்டு. பாதி வழி ஸ்டாண்டர்ட் கேஜ், பாதி வழி மீட்டர் கேஜ். ஸ்வைசிம்மன் நிலையத்தில் பெட்டிகள் தாமே சக்கர அகலத்தை மாற்றிக்கொண்டு போகின்றன! நாம் உட்கார்ந்த இடத்தை விட்டு எழ வேண்டாம்.

ஜெனீவா ஏரிக்கரையில் ஷியோன் கோட்டையும், அடுத்த ஊர் வெவேயும் பார்க்கத் தக்கவை. வெவேயில்தான் 1875-ல் டேனியல் பீட்டர் என்பவர் பால் சாக்லேட்டைச் செய்தார். பாலில் உள்ள தண்ணீர் சாக்லேட்டோடு சேராமல் கெட்டுக்கொண்டே இருந்ததாம். கடைசியில் தண்ணீரைச் சுண்டவைத்த பாலைச் சேர்த்த பிறகுதான் கைகூடியது. பால்கோவா கிளறும் நமக்கு அந்தச் சூட்சுமம் புரியாதா! சார்லி சாப்ளின் 1953-லிருந்து 1977-ல் மறையும்வரை வாழ்ந்த வீடும் அருகில்தான். 2016 முதல் அது காட்சியகம்.

வழியில் மொன்பொவோனில் ரயில் மாறினால் க்ரூயெர். சீஸ் செய்வதைக் கண்ணாடி வழியே காட்டுகிறார்கள். 35 கிலோ சக்கரம் ஒன்றுக்குச் சுமார் 400 லிட்டர் பால்! ஆனால் சைவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள். சீஸ் வாங்குமுன் கேட்டு வாங்குங்கள்.

நேரம் இருந்தால் ஜெனீவா. 140 மீட்டர் உயரம் பீய்ச்சும் ஏரி நீரூற்று, 1863-ல் பிறந்த செஞ்சிலுவைச் சங்கத்தின் காட்சியகம், அணு ஆராய்ச்சி நடக்கும் செர்ன். செர்ன் வளாகத்துக்குள் நம் நடராஜர் ஆடுகிறார்! 2004-ல் இந்திய அரசு பரிசளித்த இரண்டு மீட்டர் சிலை. அதன் அருகே எல்லாப் பார்வையாளர்களையும் விடுவார்கள் என்று எண்ண வேண்டாம். 2023-ல் திறந்த அறிவியல் கூடத்தை இலவசமாகப் பார்க்கலாம்; பிள்ளைகள் குதிப்பார்கள்.

ஊர் திரும்ப ஜூரிக் விமான நிலையம் போகும் நாளில், ரைன் அருவியை விட்டுவிடாதீர்கள். 23 மீட்டர் உயரம்தான், அகலமோ 150 மீட்டர். பனி உருகும் ஜூன், ஜூலையில் கரைபுரளும்.

பெட்டி கட்டுமுன்...

* போக நல்ல காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. மே, நவம்பர் மாதங்களில் பல கேபிள் கார்கள் பழுதுபார்க்க நிறுத்தப்படும்.

* ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டும். ஏற்கெனவே உள்ள வியாதிகளுக்கும் அது செல்லுமா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

* மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். மருந்தின் மூலப்பெயரும் சீட்டில் இருக்கட்டும்.

* இன்சுலின் போடுகிறவர்கள் மலைமேல் அதைப் பனியில் உறைய விடாமல், உடம்போடு ஒட்டிய உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

* வெயிலில் பனி கண்ணைக் கூசச் செய்து புண்ணாக்கும். குழந்தைக்கும் குளிர்கண்ணாடி அவசியம்.

* கோடையானாலும் ஸ்வெட்டர், காதுக் குல்லா, மெல்லிய மழைக்கோட்டு ஆளுக்கொன்று.

* ஆம்புலன்ஸுக்கு 144, பொது அவசரத்துக்கு 112. இரண்டு எண்களையும் சீட்டில் எழுதிப் பெரியவர்களின் பையில் வையுங்கள். தங்கும் வீட்டு விலாசத்தையும் கூடவே எழுதுங்கள்.

* இரவு பத்து மணிக்கு மேல் அக்கம்பக்கத்தில் சத்தம் கூடாது. குக்கர் விசில் உட்பட!

கடைசியாக ஒன்று. எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். மேலே சொன்னவற்றில் நாலைந்து போதும். மலை ஏறுவதா வேண்டாமா என்பதை ஊர் கேட்கும் கேள்வி தீர்மானிக்க வேண்டாம்; கூட வருகிறவர்களின் உடம்பு தீர்மானிக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் முடியும் வேகத்தில் நடந்தால், பெரியவருக்கும் குழந்தைக்கும் உங்களுக்கும் அது விடுமுறையாக இருக்கும். சௌக்கியமாகப் போய், சந்தோஷமாகத் திரும்பி வாருங்கள்!